மக்காச்சோளத்துக்குத் துத்தநாகம்: மண்ணில் போடவா, இலையில் தெளிக்கவா?

வணக்கமுங்க. உடுமலைப் பக்கம் 2 ஏக்கர் மக்காச்சோளம், 25 நாள் பயிர். குருத்து இலையில் நடு நரம்புக்கு இரு பக்கமும் வெள்ளைப் பட்டை ஓடுகிறது, நரம்பு மட்டும் பச்சை. துத்தநாகக் குறைதான் என்று நினைக்கிறேன். சுக்கான் கல் நிலம், அதாவது சுண்ணாம்பு அதிகமுள்ள மண். மண் பரிசோதனையில் பி.எச். (கார அமில நிலை) 8.4, காரமான மண். போன போகம் கதிர் நுனியில் மணியே பிடிக்கவில்லை. அப்பாவுக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

அடியுரத்தில் ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட் போட்டிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். இப்போது மண்ணில் போட்டால் சுண்ணாம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் 0.5 சதம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் தெளிக்கலாம் என்று இருக்கிறேன். டிஏபி (மணிச்சத்து உரம்) கரைசலோடு கலக்க மாட்டேன்.

கோதுமையில் பால் பிடிக்கும்போது தெளித்தால் மணியில் துத்தநாகச் சத்து கூடுகிறது. மக்காச்சோளத்தில் யாராவது அப்படித் தெளித்தீர்களா? மணி எடை கூடியதா? அப்புறம், அடியுரமாக ஒவ்வொரு போகமும் போட்டால் மண்ணில் தேங்கிவிடுமா, இரண்டு மூன்று போகத்துக்கு ஒருமுறை போதுமா? சுக்கான் நிலத்துக்காரர்கள் சொன்னால் பெரிய உதவிங்க. நாளை மறுநாள் தண்ணீர் முறை, அதற்குள் முடிவெடுக்க வேண்டும்.