ரோஸெட் நெபுலாவில் சிவப்பு வரவே மாட்டேங்குது, கேமராவைப் பிரிக்கணுமா?

மலைப்பாதை:
எல்லாருக்கும் வணக்கம். ஜவ்வாது மலையில், காவலூர் பக்கம் நண்பனோட கொல்லையிலிருந்து ரோஸெட் நெபுலா (ரோஜா மாதிரி தெரியுற விண்வெளி வாயு மேகம்) எடுத்தேன். கேமரா கேனான் 200டி, கடையில வாங்கினபடியே இருக்கு. 55-250 லென்ஸை 250ல வச்சு எஃப் 5.6, ஐஎஸ்ஓ 1600, படத்துக்கு 60 விநாடி, மொத்தம் ஒன்றரை மணி நேரம். ஸ்டார் டிராக்கர் (நட்சத்திரம் நகர்ற வேகத்துக்குக் கேமராவைத் திருப்புறது) உண்டு. அமாவாசை, மேகம் கிடையாது. டார்க் (லென்ஸை மூடி எடுக்கிற படம்) எடுத்தேன், பிளாட் (மூலை இருட்டைச் சரிக்கட்ட சீரான வெளிச்சத்துல எடுக்கிற படம்) எடுக்கலை. எல்லாப் படத்தையும் ஒண்ணா அடுக்கினது சிரில்ங்கிற சாஃப்ட்வேர்ல.

நடுவுல இருக்கிற நட்சத்திரக் கொத்து பளிச்சுனு இருக்கு. சுத்தி ரோஜா இருக்க வேண்டிய இடத்துல அடுப்புப் புகை மாதிரி ஒரு சாம்பல், அதுவும் பாதிதான் இருக்கு. அதே ராத்திரி அதே கேமராவுல ஓரியன் நெபுலா பத்து நிமிஷத்துலயே இளஞ்சிவப்பும் நீலமுமா வந்துச்சு. கேமராவுக்குச் சிவப்பு தெரியாதுன்னா அது மட்டும் எப்படி வந்துச்சு?

சென்சார் முன்னாடி சிவப்பைக் குறைக்கிற ஃபில்டரை எடுத்தாத்தான் ஆகும்னு பலர் சொல்றாங்க. தெரிஞ்ச மெக்கானிக் பிரிச்சுத் தர்றேங்கிறார். கல்யாண ஆர்டரும் இதே கேமராவுலதான் எடுக்கிறேன், அதான் யோசனை.

ராக்கோழி:
மாத்திடுங்க ப்ரோ, வேற வழியே இல்லை. சந்தேகம்னா டிவி ரிமோட்டைக் கேமரா முன்னாடி அமுக்கிப் பாருங்க. லைவ் வியூவுல ரிமோட் பல்பு மங்கலாத் தெரிஞ்சா ஃபில்டர் சிவப்பை முழுங்குதுன்னு அர்த்தம்.

திருவாதிரை:
ரிமோட்டை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது தம்பி. பெரும்பாலான ரிமோட்கள் விடுவது 940 நானோமீட்டர் சுற்றுவட்டார அகச்சிவப்பு. ரோஸெட்டின் சிவப்பு ஹைட்ரஜன் ஆல்ஃபா, அதாவது ஹைட்ரஜன் வாயு விடும் 656 நானோமீட்டர் ஒளி. கண்ணுக்கே தெரிகிற நிறம் அது. ஃபில்டர் 940ஐ எவ்வளவு தடுக்கிறது என்று தெரிந்தாலும் 656ல் என்ன செய்கிறது என்பது தெரியாது.

மலைப்பாதை, ஓரியன் வந்ததற்கு இரண்டு காரணம். அது வெறுங்கண்ணுக்கே தெரிகிற அளவு வெளிச்சமானது. அதோடு ஆக்சிஜன் 501லும் ஹைட்ரஜன் பீட்டா 486லும் நன்றாக ஒளிர்கின்றன. அந்த நீலப்பச்சையை உங்கள் ஃபில்டர் தடுப்பதே இல்லை. ரோஸெட் ஏறக்குறைய 5000 ஒளியாண்டு தொலைவில், முழுநிலவைப் போல இரண்டரை மடங்கு அகலத்துக்குப் பரந்து கிடக்கிறது. பெரும்பகுதி ஆல்ஃபா. மாற்றாத கேமராக்கள் அந்த ஆல்ஃபாவில் சுமார் கால் பங்கைத்தான் உள்ளே விடும். ஆனால் கால் பங்கு என்பது பூஜ்யம் இல்லையே. ஒன்றரை மணி நேரத்தில் மங்கலான சிவப்பு வளையமாவது வந்திருக்கணும்.

எனக்கு உறுத்துவது "பாதிதான் இருக்கு" என்கிற வார்த்தை. ஃபில்டர் வெட்டினால் எல்லா இதழையும் ஒரே மாதிரிதான் வெட்டும். பாதிப் பூவை விட்டுவிட்டுப் பாதியைத் தின்னாது. அடுக்கி முடித்ததும் வருகிற முதல் ஃபிட்ஸ் கோப்பை (வானப் படங்களுக்கான கோப்பு வகை) அப்படியே போடுங்கள். பிறகு என்னென்ன செய்தீர்கள் என்று வரிசையாகவும் சொல்லுங்கள்.

மின்மினி:
லைட் பொல்யூஷன் ஃபில்டர் கேமராவுக்கு உள்ளேயே கிளிப் பண்ற மாதிரி வருது. அதைப் போட்டா சரியாயிடும்.

திருவாதிரை:
காவலூர் பக்கம் அது எதற்குங்க? அது தெருவிளக்கு வெளிச்சத்தைக் குறைக்கும். கேமரா ஃபில்டர் விழுங்கியதைத் திருப்பித் தராது. காசு மிச்சம் ஆகட்டும்.

மலைப்பாதை:
ஃபைல் போட்டுட்டேன் சார். செஞ்சது: ஓரம் வெட்டினேன், பேக்கிரவுண்ட் எக்ஸ்ட்ராக்‌ஷன் (வானப் பின்னணியைக் கணிச்சுக் கழிக்கிறது; மூலையெல்லாம் ரொம்ப இருட்டா இருந்துச்சு, அதனால பாலினாமியல் டிகிரி 4), கலர் கேலிபரேஷன், பச்சை நீக்கம், கடைசியா ஸ்ட்ரெச் (மங்கலா இருக்கிறதை வெளிச்சமாக்குறது).

திருவாதிரை:
பார்த்தேன். கேமராவைப் பிரிக்காதீர்கள், பூ உள்ளே இருக்கிறது. முதல் கோப்பைத் திறந்து, சிவப்பு சேனலை மட்டும் வைத்து, ஆட்டோஸ்ட்ரெச் போட்டால் வளையம் முழுசாகத் தெரிகிறது. ஒரு ஓரத்தில் கருந்தூசி இழைகளின் சாயல் கூட உண்டு.

நீங்கள் செய்த மாதிரியே நானும் செய்தேன். பின்னணி கழிக்கும் இடத்தில் ஜெனரேட் அழுத்தியதும், பின்னணியை அளக்கிற மாதிரிப் பெட்டிகள் படம் முழுக்க விழுகின்றன. வெளிச்சமான பக்கத்தை நிரலே தவிர்த்துவிட்டது. மங்கலான பக்கத்தில் வரிசையாக இதழ் மேலேயே விழுந்திருக்கிறது. அங்கே இருக்கிற சிவப்பை வானத்துப் பின்னணி என்று எடுத்துக்கொண்டு கழித்துவிட்டது. 4 வைத்ததால் அதற்கு வளையவும் நெளியவும் தாராளமாக இடம். பாதி போன கதை இதுதான்.

ரைட் கிளிக் செய்து நெபுலா மேல் இருக்கிற பெட்டிகளை எல்லாம் நீக்குங்கள். சந்தேகமாக இருக்கிற ஓரப் பெட்டிகளையும்தான். டிகிரியை 1க்கு இறக்குங்கள். கலர் கேலிபரேஷனில் பின்னணி எது என்று நீங்களே ஒரு வெற்று மூலையைத் தேர்ந்து காட்டுங்கள். அதன் போக்கில் விட்டால் மங்கலான சிவப்பு இருக்கிற இடத்தையே நடுநிலைச் சாம்பல் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

மூலை இருட்டுக்கு மருந்து பிளாட்தான். அது இருந்திருந்தால் 4க்குப் போகவே வேண்டியதில்லை. இப்போதும் எடுக்கலாம்: அதே 250, அதே எஃப் 5.6, அதே ஐஎஸ்ஓ, ஃபோகஸ் தொலைவில். வெள்ளை வேட்டித் துணியை இரண்டு மடிப்பாக லென்ஸ் வாயில் சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டி, சூரியன் எழும் முன் வெளுத்த வானத்தைப் பார்த்து முப்பது படம். ஹிஸ்டோகிராம் நடுவில் நிற்கணும். தூசிப் புள்ளிகள் பொருந்தாது, மூலை இருட்டு ஏறக்குறையப் பொருந்தும். அடுத்த முறை ஜூம் வளையத்தைத் தொடுவதற்கு முன்பே, அதே விடியலில் எடுத்துவிடுங்கள்.

அறுமீன்:
நான் ஃபில்டர் எடுத்த கேமராதான் வச்சிருக்கேன், அதனால இதையும் சொல்லிடறேன். வித்தியாசம் பெருசுதான். ஆனா கல்யாண ஆர்டர் எடுக்கிற கேமராவுல கை வைக்காதீங்க. ஃபில்டர் போனதும் பட்டுப்புடவை, தோல் எல்லாமே செக்கச்செவேல்னு வரும், ஒவ்வொரு தடவையும் கஸ்டம் வைட் பேலன்ஸ் வைக்கணும். பதிலுக்குச் சரியான கண்ணாடி போடலைன்னா ஆட்டோஃபோகஸும் தள்ளிப்போகும். வீட்டுல பிரிக்கிறவங்களுக்கு: ஃபிளாஷ் கெப்பாசிட்டர் பேட்டரியைக் கழட்டின பிறகும் நல்லா ஷாக் அடிக்கும். பழைய பாடி ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கி அதை மாத்துறதுதான் நல்லது.

மாத்தாத கேமராவுக்குன்னே இலக்கு இருக்கு. கார்த்திகைக் கூட்டத்தைச் சுத்தி இருக்கிற நீலம் எதிரொளிக்கிற வெளிச்சம், ஃபில்டர் ஒண்ணும் பண்ணாது. ஏப்ரல், மே மாசத்துல கேட்டை நட்சத்திரம் பக்கம் திருப்புங்க, மஞ்சளும் நீலமும் ஒரே ஃபிரேம்ல வரும். நம்ம ஊர்ல அது நல்ல உயரத்துக்கு ஏறும், ஐரோப்பாக்காரங்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

மலைப்பாதை:
வந்துடுச்சு! பெட்டிகளை நீக்கி, 1 வச்சு, நேத்து காலையில வேட்டி கட்டி பிளாட்டும் எடுத்துச் சேர்த்தேன். முழு வளையமும் சிவப்பா இருக்கு. இரைச்சல் அதிகம், ஆனா ரோஜான்னு சொல்லலாம். இனி இரைச்சல் குறைய நாலு மடங்கு நேரம் எடுத்தா, மாத்தின கேமரா அளவுக்கு வந்துடுமா?

திருவாதிரை:
அருமை. கணக்கு அப்படி வராது. கால் பங்காகக் குறைவது நெபுலாவின் ஆல்ஃபா. வானப் பின்னணி அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதன் இரைச்சலை வெல்ல மோசமான நிலையில் 16 மடங்கு நேரம் வரை போகும். அதைவிட வேகமான லென்ஸ் தேடுங்கள். எஃப் 5.6க்கும் எஃப் 2.8க்கும் நாலு மடங்கு வெளிச்சம். கல்யாணத்துக்கு 50 எஃப் 1.8 வைத்திருப்பீர்களே, அதை 2.8ல் வைத்துத் திருவாதிரை நட்சத்திரத்திலிருந்து ரோஸெட் வரை ஒரே சட்டத்தில் எடுத்துப் பாருங்கள். பூ சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் இரைச்சல் அடங்கும்.

மலைப்பாதை:
இருக்கு சார், எடுக்கிறேன். 250ல 60 விநாடி தாண்டினா நட்சத்திரம் இழுக்குது. துருவ நட்சத்திரம் மலைக்குப் பின்னாடி போயிடுது, டிராக்கரைச் சரியா வைக்க முடியலை.

அறுமீன்:
அங்க அது பன்னிரண்டரை டிகிரி உயரத்துலதானே நிக்கும். ஒரு புளியமரம் போதும் மறைக்க. நினாங்கிற கேமரா கண்ட்ரோல் சாஃப்ட்வேர்ல மூணு புள்ளி போலார் அலைன்மென்ட்னு (டிராக்கர் அச்சைத் துருவத்துக்கு நேரா வைக்கிறது) ஒரு பிளக்இன் இருக்கு. வானத்துல வேற பக்கம் மூணு படம் எடுத்தே அச்சு எவ்வளவு விலகியிருக்குன்னு சொல்லிடும், துருவ நட்சத்திரம் தெரியவே வேண்டாம். டிராக்கரைக் கையால திருப்புற மோடும் இருக்கு. லேப்டாப்பும் யூஎஸ்பி கேபிளும் எடுத்துட்டுப் போங்க.