கூடாரத்துக்கு எந்த லாம்பு? பாவித்தவர்கள் சொல்லுங்கள்

மணற்காட்டான்:

தை பிறந்து மழை விட்டதும் மணற்காடு, சாட்டி, கசூரினா, நெடுந்தீவு என்று யாழ்ப்பாணக் கடற்கரைகளுக்குக் கூடாரத்தோடு வெளிக்கிடுகிற பெடியள் இப்போது கூடிவிட்டார்கள். கூடாரத்தைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். லைற்றை மட்டும் வெளிக்கிடுகிற அன்று பின்னேரம், ரவுணில் முதல் கண்ட கடையில் வாங்கிவிடுகிறார்கள். பற்றறியில் எரிகிற எல்ஈடி லாம்பு பாவித்தவர்கள், நல்லதோ கெட்டதோ, நடந்ததை இங்கே எழுதினால் புதிதாக வாங்குகிறவர்களுக்கு உதவும்.

முதலில் நானே எழுதுகிறேன். மணற்காட்டில் சவுக்கங்காட்டுப் பக்கம் தங்கியபோது கூட வந்த ஒருவர் கொண்டுவந்த லாம்பின் பெட்டியில் '1000 லுமன், 30 மணி நேரம்' என்று போட்டிருந்தது. லுமன் என்பது லாம்பு தருகிற மொத்த வெளிச்சத்தின் அளவு. மூன்று பெரிய ரோச் பற்றறி போடுகிற சாமான். ஏற்றியதும் சவுக்கு மரங்கள் வரை நன்றாகத் தெரிந்தது. சமைத்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் வெளிச்சம் பாதிக்குக் கீழே போய்விட்டது. பற்றறி பழசு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அன்றுதான் பெட்டி உடைத்துப் போட்ட புதுப் பற்றறி.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். சாதாரண நல்ல எல்ஈடி ஒரு வாற் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 100 லுமன் தரும். 1000 லுமனுக்கு 10 வாற் வேண்டும். அதை 30 மணி நேரம் எரித்தால் 300 வாற்-மணி. மூன்று பெரிய அல்கலைன் பற்றறிக்குள் மொத்தமாக இருப்பதோ 50 வாற்-மணி அளவுதான். அதுவும் மெதுவாக எடுத்தால்தான் முழுதாகக் கிடைக்கும். வேகமாக உறிஞ்சினால் இன்னும் குறையும்.

அப்படியென்றால் பெட்டியில் இருப்பது பொய்யா? முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. ரோச், லாம்புகளுக்கு எப்எல்1 என்று ஒரு அமெரிக்க அளவுமுறை இருக்கிறது. அதன்படி லுமனை அளப்பது லைற் போட்டு அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்குள். ஆனால் 'எத்தனை மணி நேரம் எரியும்' என்பதை, அந்த ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எண்ணுவார்கள். ஆகவே 1000 லுமன் என்பது முதல் சில நிமிடங்களின் கதை. 30 மணி நேரம் என்பதில் பெரும்பகுதி மங்கல் வெளிச்சத்தின் கதை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்தால் வாங்குகிறவருக்கு இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் என்றுதான் விளங்கும்.

அதற்குப் பிறகு நான் பெட்டியில் உள்ள பெரிய எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். என்ன பற்றறி, எத்தனை வாற்-மணி, நடு நிலையில் எத்தனை லுமன், இவ்வளவும்தான் கேட்கிறேன்.


கடைப் பெடியன்:

அண்ணை, நான் யாழ் நகரில் ஒரு மின்சாமான் கடையில் நிற்கிறேன். வருகிற ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி 'எது கூட வெளிச்சம்?' என்பதுதான். 'எங்கே கொண்டு போகிறீர்கள், எத்தனை இரவு?' என்று நான் திருப்பிக் கேட்டால் சிலருக்குக் கோபம்கூட வரும். ஆனால் அது தெரியாமல் நல்ல சாமான் எடுத்துக் கொடுக்க முடியாது.

2022இல் கரண்ட் கட் நேரம் ஞாபகம் இருக்கும். மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேரம் வெட்டினார்கள். அந்த நாட்களில் சார்ஜ் பண்ணுகிற லாம்பு கடையில் நிற்கவே இல்லை, வந்த உடனே போகும். அவற்றில் நிறைய, உள்ளே 4 வோல்ற் ஈய அமிலப் பற்றறி வைத்தவை. வெட்டு நின்றதும் சனம் அதை அலுமாரிக்குள் வைத்துவிட்டது. பிறகு கூடாரத்துக்குப் போகிறோம் என்று வெளியே எடுத்தால் பத்து நிமிடம் எரிந்து அணைகிறது. ஈய அமிலப் பற்றறியை வெறுமையாக மாதக் கணக்கில் விட்டால் தட்டுகளில் ஈய சல்பேற்று கட்டிபட்டுவிடும், அதன்பின் சார்ஜ் ஏறாது. இப்படித் திருத்தக் கொண்டுவருகிற லாம்பு இன்றைக்கும் வருகிறது. பற்றறி மாற்றினால் சரிவரும், ஆனால் கூடாரத்துக்கு நான் அந்த வகையைக் கொடுப்பதில்லை. பாரமும் கூட.

லிதியம் அயன் லாம்பு என்றால் உள்ளே பெரும்பாலும் 18650 என்கிற உருளைப் பற்றறி இருக்கும். நல்லது ஒன்றில் 3000 மில்லி அம்பியர்-மணி அளவு இருக்கும், அதாவது ஏறத்தாழ 11 வாற்-மணி. ஒரு உருளைக்கு 9900 என்று போட்டிருந்தால் அதை வாங்க வேண்டாம். அந்த அளவு உடம்புக்குள் அவ்வளவு கொள்ளாது.

அப்புறம் தனிப் பற்றறி. விலை குறைந்தது நாக-கரிப் பற்றறி, கூடியது அல்கலைன். இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தாலே அல்கலைன் பாரம் தெரியும். லாம்பு போன்ற இழுவைக்கு நாக-கரி தாங்காது, ரிமோட்டுக்கும் மணிக்கூட்டுக்கும் அது போதும். பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். திரும்பி வந்ததும் பற்றறியைக் கழற்றி வையுங்கள். அல்கலைன் கசிந்து ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் படிந்தால், கையுறை போட்டு, பஞ்சில் வினாகிரி தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய விட்டுப் போடலாம். கன லாம்புகளை அப்படிக் காப்பாற்றியிருக்கிறேன்.


தீவக ரீச்சர்:

நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பாசறைக்குக் கூட்டிக்கொண்டு போகிறவள். மாணவிகள், சின்னப் பிள்ளைகள். ஆகவே எனக்கு வெளிச்சம் எவ்வளவு என்பதைவிட அது என்ன நிறம், எங்கே தொங்குகிறது என்பது முக்கியம்.

ஒருமுறை மழை பெய்து ஓய்ந்த இரவில் நீலம் கலந்த வெள்ளை லாம்பை, அது 6500 கெல்வின் என்று போட்டிருந்தது, நடுவில் வைத்தோம். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, எண் கூடினால் நீலம் கூடும். அரை மணி நேரத்தில் ஈசல் வந்து சோற்றுக்குள் விழத் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் சாப்பிடாமல் எழும்பிவிட்டார்கள். பூச்சிகளுக்கு நீலமும் ஊதாவும்தான் கூடக் கவர்ச்சி. மஞ்சள் வெளிச்சத்துக்கு, 2700 அல்லது 3000 கெல்வின், அவ்வளவு வராது. அறவே வராது என்று சொல்ல மாட்டேன். இப்போது சாப்பாட்டு இடத்தில் மஞ்சள் லாம்பு, கொஞ்சம் தள்ளி ஒரு பனையில் கயிறு கட்டி வெள்ளை லாம்பு. பூச்சி அங்கே போகும். நுளம்புக்கு இது உதவாது, அதற்கு வலையும் சுருளும்தான்.

லாம்பைத் தரையில் வைத்தால் எல்லோர் கண்ணிலும் குத்தும், நிழலும் நீளமாக விழும். தலைக்கு மேலே தொங்கவிட்டால் பாதி வெளிச்சமே போதும். அதனால் வாங்கும்போது மேலே நல்ல கொழுக்கி இருக்கிறதா, ஒளி பரப்புகிற மங்கல் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். எல்ஈடி புள்ளி நேரே தெரிகிற லாம்பு பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குக் கூடாது.

சிவப்பு வெளிச்சம் உள்ள லாம்பு கிடைத்தால் எடுங்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20, 30 நிமிடம் எடுக்கும். ஒரு தடவை வெள்ளை லைற் அடித்தால் அத்தனையும் போய்விடும், மங்கலான சிவப்பில் அவ்வளவு போகாது. நெடுந்தீவுப் பக்கம் நகரத்து வெளிச்சம் இல்லாத வானம். அங்கே பிள்ளைகளுக்கு நட்சத்திரம் காட்டும்போது சிவப்பு லைற்றைத்தான் பாவிக்கிறோம்.

இன்னொன்று, இதை எல்லா அம்மாமாருக்கும் சொல்கிறேன். லாம்பு இருக்கிறது என்று ரோச்சை விட்டுவிட்டுப் போக வேண்டாம். லாம்பு சுற்றிவரப் பரப்பும், தூரத்துக்கு அடிக்காது. தூரம் இரண்டு மடங்கானால் விழுகிற வெளிச்சம் கால் பங்குதான். சுருட்டைப் பாம்பும் புடையனும் உள்ள நிலம் எங்களுடையது. இரவில் கூடாரத்தை விட்டு ஒரு பிள்ளை வெளியே போனால் கையில் ரோச், காலில் சப்பாத்து, கூட ஒரு ஆள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.


கனடா மாமா:

பிள்ளைகள் எழுதியதை வாசித்தேன். 1990க்குப் பிறகு நாங்கள் குடாநாட்டில் கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தில் பற்றறி தடைசெய்த சாமான்களில் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ சுற்றி றேடியோவில் செய்தி கேட்டோம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சில் கொஞ்ச மண்ணெண்ணெய் ஊற்றித் திரி கொளுத்திப் படித்துத்தான் எங்கள் வீட்டில் மூத்தவன் சாதாரண தரம் எழுதினான்.

இதைப் பெருமைக்காக எழுதவில்லை. ஒரு மெழுகுதிரி தருவது ஏறத்தாழ 12 லுமன். ஜாம் போத்தல் விளக்கு அதையும்விடக் குறைவு. அந்த வெளிச்சத்தில் கணக்குச் செய்த கண்ணுக்கு, கூடாரத்துக்குள் 50 லுமன் தாராளம். ஆகவே மருமக்களே, 2000 லுமன் லாம்பு கொண்டுவரச் சொல்லி எனக்குச் செய்தி அனுப்பும்போது, அதில் ஆகக் குறைந்த நிலை எத்தனை லுமன் என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். 10, 20 லுமனுக்கு இறங்காத லாம்பு படுக்கிற நேரத்துக்கு உதவாது.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறவர்களுக்கு: தனியாக இருக்கிற லிதியம் பற்றறியும் பவர் பேங்கும் சூட்கேஸில் போடக்கூடாது, கைப்பையில்தான். 100 வாற்-மணிக்கு உட்பட்டது என்றால் வழமையாகத் தனி அனுமதி தேவையில்லை. சூட்கேஸுக்குள் போட்டால் திறந்து எடுத்துவிடுவார்கள்.


கரையூர்:

எங்களுடையது கடல் தொழில் செய்கிற குடும்பம். வாடியில் இரவு தங்குவது எங்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை, வேலை. லாம்பைக் கொல்வது தண்ணீரை விட உப்புக் காற்றுத்தான். மேலே எவ்வளவு நன்றாக மூடியிருந்தாலும் பற்றறி அறையின் மூடியில் றப்பர் வளையம் இல்லாவிட்டால் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். கடையிலேயே மூடியைத் திறந்து அந்த வளையத்தைப் பாருங்கள். சார்ஜ் பண்ணுகிற வாசலுக்கும் அப்படித்தான், இறுக்கமான றப்பர் மூடி வேண்டும். கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து வைப்பது எங்கள் வழக்கம்.

பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்றிருந்தால் எந்தப் பக்கத்தால் தண்ணீர் தெறித்தாலும் தாங்கும், தண்ணீருக்குள் விழுந்தால் தாங்காது. ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். அந்த 'எக்ஸ்' இருக்கிற இடம் தூசிக்கானது. ஐபி67 என்றால் தூசியும் உள்ளே போகாது. மணலில் பாவிக்கிறவர்களுக்கு அந்த 6 முக்கியம், ஆனால் விலை ஏறும். வள்ளத்தில் ஏறாமல் கரையில் மட்டும் தங்குகிறவருக்கு 4 போதும் என்பது என் எண்ணம்.

மேலே சின்னச் சூரியத் தகடு ஒட்டிய லாம்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வெயிலுக்கு அது நன்றாக வேலை செய்யும் என்று நினைப்பீர்கள். உள்ளங்கை அளவுத் தகடு நல்ல வெயிலிலேயே அரை வாற் தருவது பெரிய விஷயம். நாள் முழுக்க வைத்தாலும் இரண்டு மூன்று வாற்-மணிதான் சேரும். அதோடு அந்த வெயிலில் லிதியம் பற்றறி சூடேறிப் பழுதாகும். தகடு வேண்டுமென்றால் தனியாக, மடிக்கிற பெரியதாக வாங்கி, லாம்பை நிழலில் வைத்து வயரால் ஏற்றுங்கள்.

கடல் பக்கம் பார்த்து வெளிச்சத்தை விடாதீர்கள். முட்டை பொரித்து வருகிற ஆமைக்குஞ்சுகள் கடல் என்று நினைத்து வெளிச்சத்துக்கு ஏறி வந்துவிடும். விடிந்தால் வெயிலில் செத்துக் கிடக்கும். ஆமையைச் சட்டமும் பாதுகாக்கிறது. நாங்கள் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள், மனம் கேளாது.


புதுசு:

எல்லோருக்கும் நன்றி. அண்ணை, நாங்கள் 5 பேர் நெடுந்தீவுக்குப் போகிறோம், இரண்டு இரவு. குறிகட்டுவானில் படகு ஏறினால் அங்கே பற்றறி கடையில் கிடைக்குமோ தெரியாது என்று எல்லாம் இங்கிருந்தே கொண்டுபோக நினைக்கிறோம். சார்ஜ் பண்ணுகிறதா, பற்றறி போடுகிறதா?


மணற்காட்டான்:

தம்பி, இப்படிக் கணக்குப் பாருங்கள். பொழுது பட்டதிலிருந்து பத்து மணி வரை 4 மணி நேரம், 200 லுமன் இருந்தால் 5 பேருக்குச் சமைக்கவும் சாப்பிடவும் போதும். அது 2 வாற். இரண்டு இரவுக்கு 16 வாற்-மணி. அதன்பின் விடியும் வரை 20, 30 லுமனில் ஒரு மூலையில் எரிந்தால் இரண்டு இரவுக்கும் சேர்த்து 5 வாற்-மணி. மொத்தம் 21.

இரண்டு 18650 உள்ள லிதியம் லாம்பு என்றால் 22 வாற்-மணி, மட்டுமட்டு. அதை எடுத்தால் 10,000 மில்லி அம்பியர்-மணி பவர் பேங்க் ஒன்றும் கொண்டுபோங்கள். அதில் 37 வாற்-மணி இருக்கும், வோல்ற் மாற்றுவதில் வீணாய்ப் போவது போக மூன்றில் இரண்டு பங்கு கையில் வரும், போனுக்கும் உதவும். மூன்று பெரிய அல்கலைன் போடுகிற லாம்பு என்றால் ஒரு செற்றிலேயே இரண்டு இரவும் தாண்டும், பாரம்தான் அரைக் கிலோவுக்குக் கிட்ட. அல்கலைன் வெறுமையாகும்போது மெல்ல மெல்ல மங்கும், முன்கூட்டியே தெரியும். சில லிதியம் லாம்பு கடைசி வரை ஒரே வெளிச்சமாக எரிந்து திடீரென்று அணையும். ஆகவே பற்றறி மட்டம் காட்டுகிற சின்ன லைற் உள்ளதாகப் பாருங்கள்.

நெடுந்தீவுக்கு என்றால் நான் பெரிய பற்றறி லாம்பு ஒன்று, சின்ன லிதியம் லாம்பு ஒன்று, ஆளுக்கொரு ரோச் என்று எடுப்பேன். ரோச் எல்லாம் ஒரே வகைப் பென்ரோச் பற்றறி போடுகிறதாக இருக்கட்டும், ஒன்று முடிந்தால் மற்றதிலிருந்து மாற்றலாம். வெளிக்கிடுவதற்கு முதல் இரவு வீட்டு முற்றத்தில், தொடங்கிய நேரத்தை எழுதி வைத்து, நடு நிலையில் எரியவிட்டுப் பாருங்கள். மறுநாள் புதுப் பற்றறி போட்டுக்கொண்டு போங்கள். எத்தனை மணி நேரம் நின்றது என்பதை இங்கே எழுதினால் அடுத்ததாக அங்கே போகிறவர்களுக்கும் பிரயோசனம்.