மறுமொழி: டியோடரைசேஷன் – ‘மணநீக்கம்’ வேண்டாம், ‘வாடை எடுப்பு’ வைப்போம்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம். வீட்டில் தங்கிவிட்ட கெட்ட வாடையைப் போக்கும் வேலையை ஆங்கிலத்தில் டியோடரைசேஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் நீங்கள் எழுதியவற்றுக்கு ஒவ்வொன்றாக மறுமொழி சொல்கிறேன்.

> ‘மணநீக்கம்’ போதுமே. சுருக்கமாக இருக்கிறது, பொருளும் விளங்குகிறது.

ஐயா, சுருக்கம் சரிதான். பொருள் விளங்கவில்லை என்பதுதான் என் குறை. தீவிபத்துக்கும் நீர்க்கசிவுக்கும் பிறகு வீடுகளைச் சீரமைக்கும் பணியாளர்களுக்குச் சேலத்தில் வகுப்பு எடுக்கிறேன். மணம் என்றால் அவர்களுக்கு மல்லிகைதான் நினைவுக்கு வருகிறது. அதை எதற்கு நீக்குவது என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது.

சொல் தவறினால் வேலையும் தவறும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அம்மாபேட்டையில் ஒரு வீட்டில் குக்கரில் கோழிக்கறி கருகிவிட்டது. சுவரில் கரியே இல்லை. போன பையன், ‘வாசனை நீக்கி’ என்று அச்சிட்ட டப்பாவை வீடு முழுக்க அடித்துவிட்டு வந்தான். மூன்றாம் நாள் அந்த வீட்டம்மா தொலைபேசியில் அழாத குறை. மல்லிகையும் கருகிய கறியும் கலந்து குமட்டுகிறதாம். நான் போய் ஸ்டூல் போட்டு ஏறி, மின்விசிறி இறக்கையின் மேற்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் மஞ்சளாக, பிசுபிசுவென்று ஒரு படலம். கருகிய புரதம் இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் எங்கும் படியும். அதைக் கழுவி எடுக்காமல் மேலே எதை அடித்தாலும் பயனில்லை. அந்த டப்பா எதையும் நீக்கவில்லை, மூடியது. தலைக்குக் குளித்த கூந்தலுக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது போன்ற காரியம் அது. கூந்தலுக்குச் சரி, கருகிய வீட்டுக்கு ஆகாது. எனவே அதற்குத் தனிப்பெயர் வேண்டும்: ‘மணப்போர்வை’.

> ‘நாற்றநீக்கம்’ என்றால் குழப்பமே வராது.

அம்மா, எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. “சுவைஒளி ஊறுஓசை நாற்றம்” என்று வள்ளுவர் ஐம்புலன் வரிசையில் வைத்த நடுநிலையான சொல் அது. ஆனால் இன்று ஒருவர் வீட்டு வாசலில் நின்று “உங்கள் வீட்டு நாற்றத்தை எடுக்க வந்திருக்கிறோம்” என்று சொல்ல முடியுமா? வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிடும். வாடை என்றால் சுருங்காது. கருகல் வாடை, ஈர வாடை, சேகோ (ஜவ்வரிசி) ஆலைப் பக்கம் போனால் புளித்த வாடை. எங்கள் ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கும் சொல்.

> வாடை என்றால் வடகாற்று அல்லவா?

ஆம். வாடைக்காற்றும் இருக்கட்டும். ஏற்காட்டில் வடகிழக்குப் பருவமழையின்போது மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து பாருங்கள், இரண்டு வாடையையும் சேர்த்தே உணரலாம். மெத்தையிலும் மர அலமாரிக்குப் பின்னாலும் பூஞ்சை வளர்ந்து, அது வெளிவிடும் ஆவிதான் அந்த ஈர வாடை. ஈரம் வரும் வழியை அடைக்காமல் வாடையைத் தொடவே கூடாது என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இப்போது வினைச்சொல்லுக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் வரிசை மாறக் கூடாது. முதலில் வாடையின் மூலத்தை அப்புறப்படுத்த வேண்டும். பிறகு பரப்புகளைக் கழுவ வேண்டும். அதன்பின் வாடை புகுந்த வழியிலேயே மருந்தைப் புகவிட வேண்டும். அப்படியும் வாடை போகாத மரத்துக்கும் சுவருக்கும் மேலே பூச்சுப் பூசி அடைத்துவிட வேண்டும். இந்த முழு வேலைக்கும் ‘வாடை எடுப்பு’ என்று வைக்கலாம். மூன்றாவது படிக்கு மட்டும் ‘வாடை முறிப்பு’. விஷமுறிவு என்று சொல்கிறோமே, அந்த முறி. அந்தப் படியில் பயன்படும் ஓசோன் என்ற வாயு, வாடை மூலக்கூறுகளோடு வினைபுரிந்து அவற்றை உடைப்பதால் இந்தச் சொல் உவமையாக நிற்கவில்லை, நடப்பதையே சொல்கிறது.

தீயின் சூட்டில் புகை சுவர்ப் பிளவுக்குள்ளும் மரத்தின் நுண்துளைகளுக்குள்ளும் புகுந்துவிடும். அதைத் துரத்திச் செல்ல மருந்தையும் சூடாக்கி, புகையளவு நுண்துளிகளாக விடுவார்கள். இதற்கு ‘வெப்ப மூடுபனியாக்கம்’ என்று வந்த முன்மொழிவு எனக்குப் பிடிக்கவில்லை. கொசுவுக்குத் தெருவில் அடிப்பதைப் பார்த்த எவருக்கும் ‘புகைமருந்து அடித்தல்’ உடனே விளங்கும்.

ஓசோன் கருவிக்குக் ‘காற்றுத் தூய்மி’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். எட்டு மணி நேர வேலைக்குப் பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கு மேல் ஓசோன் கூடாது என்பது அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதி. வாடை முறிக்க விடும் அளவு அதைவிடப் பல மடங்கு. ஆள், நாய், பூனை, தொட்டிச் செடி எல்லாம் வெளியேற வேண்டும். ரப்பர் பொருள்களில் வெடிப்பு விழும். தூய்மி என்று பெயர் வைத்தால் யாராவது அதைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே படுத்துத் தூங்குவார்கள். ‘ஓசோன் கருவி’ என்றே இருக்கட்டும். அந்தப் பெயரில் இருக்கும் அந்நியம் எச்சரிக்கையாகவும் உதவும்.

ஒரு சொல்லை மட்டும் ஆசையோடு முன்வைக்கிறேன். வாடை போக்கும் தெளிப்பு மருந்துகளில் சேர்க்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்பது மாவுச்சத்தை நொதியால் வளையமாக்கிச் செய்வது. அதில் பீட்டா என்னும் வகையின் வளையத்தில் ஏழு குளுக்கோஸ் அலகுகள். வளையத்தின் குழிவில் வாடை மூலக்கூறு போய் அமர்ந்துகொள்ளும், மூக்குக்கு வராது. இங்கே முறிப்பும் இல்லை, போர்வையும் இல்லை. ‘வாடைச்சிமிழ்’ என்று சொல்லலாமா? மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்திலிருந்தும் இதைச் செய்ய முடியும் என்று சொன்னபோது, எங்கள் வகுப்பில் சேகோ ஆலையில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அமெரிக்காவில் 1972இல் தொடங்கிய, துப்புரவு, சீரமைப்புப் பணியாளர்களுக்குச் சான்றிதழ் வழங்கும் ஐஐசிஆர்சி (IICRC) அமைப்பு இந்த ஒரு வேலைக்கென்றே தனிச் சான்றிதழ் தருகிறது. அந்தப் பதவிப் பெயரைத் தமிழில் ‘வாடை எடுப்புத் தொழில்நுட்பர்’ என்று எழுதலாம் என நினைக்கிறேன். ‘எடுப்பு’ என்பது காதுக்குப் பொருந்தவில்லை என்றால் வேறு சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன். ‘முறிப்பு’, ‘போர்வை’ இரண்டும் வேறு வேறு என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சனிக்கிழமை வகுப்புக்குக் கைக்குறிப்பு அச்சாகிறது. வியாழனுக்குள் மறுமொழி வந்தால் திருத்திவிடலாம்.

அன்புடன்,
சேலத்திலிருந்து