பைன் கட்டையில் காளான்: நம்ம பக்கம் போட்டுப் பார்த்தவங்க அனுபவம்

காரைக்குடியிலிருந்து:

ரெண்டாம் கட்டுக்குப் பின்னால கிணத்தடி. வெயில் விழாது, எந்நேரமும் சொதசொதன்னு ஈரம். கொடைக்கானல்ல தெரிஞ்சவர் தோட்டத்துல சாஞ்ச பைன் மரத்துக் கட்டைகளை மச்சான் வண்டியில போட்டு அனுப்பிவிட்டார். பட்டையைத் தொட்டாலே பிசின் கையில ஒட்டும், பெயின்ட் கடை மாதிரி டர்பன்டைன் வாடை. அந்தப் பிசின்தான் காளானுக்குப் பகை. அதனால வந்த கையோட வித்து போடாம, தரையில படாம செங்கல் மேல அடுக்கி, வாடை அடங்குறவரை நிழல்ல வெச்சோம்.

காளான்ல எல்லா ரகமும் பைன் மாதிரி ஊசியிலை மரத்துல வராது. ஷிடாகேங்கிற ஜப்பான் காளானுக்கு ஓக் மாதிரி அகன்ற இலை மரம்தான் சரி. பைன்ல ஓடக்கூடியது சிப்பிக்காளான்ல ஒரு இனம், புளூரோட்டஸ் பல்மோனேரியஸ். நாம 'சாஜர் காஜு'ன்னு வாங்குற வித்து பெரும்பாலும் இதேதான். அமெரிக்காவின் மேற்கு மலைகள்ல இது ஊசியிலை மரத்துலயே தானா முளைக்குது.

கட்டை நெடுக ஒரு சாண் இடைவெளியில துளை போட்டு, வித்தைத் திணிச்சு, மேல உருக்கின மெழுகு. சோளத்துல காளான் பூஞ்சையை வளர்த்த வித்துங்கிறதால எறும்பு விடல. மெழுகு கொஞ்சம் விட்ட இடத்துல எல்லாம் உள்ள புகுந்து சோளத்தை இழுத்துட்டுப் போயிடுச்சு. கட்டைக்கு மரக்குச்சியில ஏத்துன வித்துதான் லாயக்கு, ஆனா அது இங்க சுலபமா கிடைக்கிறதில்ல.

கோடை முழுக்க நனைஞ்ச சாக்கு போட்டு மூடி வெச்சும் ஒண்ணும் இல்ல. ஐப்பசி மழை பிடிச்சதும் வெட்டுவாய்ப் பக்கம் சாம்பல் நிறத்துல கொத்து கொத்தா எட்டிப் பார்த்துச்சு. சின்ன வெங்காயம், மிளகு, சோம்பு போட்டு ஆச்சி வறுத்தாங்க. ஆளுக்கு ஒரு கரண்டி. ருசி குறை சொல்ல முடியாது. வருமானத்துக்குன்னா இந்தப் பக்கமே வராதீங்க. அதே வித்தை வைக்கோல் படுக்கையில போட்டா ஒரு மாசத்துக்குள்ள பறிக்கலாம்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, பைனுக்கு எதுக்கு மலை ஏறணும், சவுக்கு இருக்கேன்னு இங்க பலரும் கேக்குறாங்க. பார்க்க ஊசியிலை மாதிரி இருந்தாலும் சவுக்கு அந்த வகையே இல்ல, பூக்குற மரம். அந்த 'ஊசி'யை எடுத்துக் கண்ணுக்கிட்ட வெச்சுப் பாருங்க. கணுக்கணுவா பிரியும், ஒவ்வொரு கணுவுலயும் பல்லு பல்லா வளையம் இருக்கும். அந்தப் பல்லுதான் இலை, ஊசி வெறும் குச்சி. அதனால பைன் பிசின் தொல்லை சவுக்குல கிடையாது.

இன்னொண்ணு. நம்ம மரவாடியில பைன் பெட்டிப் பலகை மலிவா கிடைக்குது. அதுல சூட்டு முத்திரையைப் பாருங்க. 'எச்.டி'ன்னா சூடேத்தின மரம். 'எம்.பி'ன்னா பூச்சி கொல்ல மெத்தில் புரோமைடுங்கிற விஷவாயு புகை போட்டது, அதுல சாப்பிடுற பொருள் வளர்க்க வேண்டாம். முத்திரையே இல்லாததும் வேண்டாம்.

பள்ளத்தூரிலிருந்து:

நல்லா சொன்னீங்க ரெண்டு பேரும். நான் சொல்ல வந்தது கட்டையில தானா முளைக்கிறதைப் பத்தி. எங்க சித்தப்பா மகன் ஜப்பான்ல இருக்கான். அங்க ஊசியிலை மரக்கட்டையில வெள்ளையா, மெல்லிசா, காம்பே இல்லாம ஒரு காளான் வரும், பேரு சுகிஹிராதாகே. சிப்பிக்காளான்னு நினைச்சு யாரும் ஏமாறலாம். காலங்காலமா சாப்பிட்டு வந்ததுதான். ஆனா 2004ல அதைச் சாப்பிட்டவங்களுக்கு மூளை பாதிச்சுப் பத்துப் பேருக்கு மேல இறந்துட்டாங்க. பெரும்பாலும் சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க. நம்ம ஊர்ல மழை முடிஞ்சதும் புத்துக்காளான் பறிச்சே பழகின கை, எதைப் பார்த்தாலும் நீளும். நீங்க வித்து போட்ட ரகம் மாதிரி இல்லாம, வேற நிறத்துல வந்தா தொடாதீங்க.

காரைக்குடியிலிருந்து:

சரிதாங்க. கட்டைகள் இப்பவும் கிணத்தடியிலதான் கிடக்கு, அடுத்த மழைக்கும் கொஞ்சம் வரும். பங்குனி, சித்திரை வெக்கைக்கு மட்டும் பால் காளான் போடுறோம். வேளாண் பல்கலைக்கழகம் 1998ல வெளியிட்ட ஏ.பி.கே. 2ங்கிற ரகம். முப்பதுக்கு மேல முப்பத்தஞ்சு டிகிரி வரைக்கும் அது பாட்டுக்கு வருது. படுக்கை மேல மண் போர்த்தணும், அது ஒண்ணுதான் கூடுதல் வேலை.