மேலவிளை குடும்பக் குழு: அத்தையின் குடல் சுத்தப் பொடி

செல்வி அத்தை: (பலமுறை பகிரப்பட்டது) உடம்பில் வரும் எல்லா வீக்கத்துக்கும் குடல் அழுக்குதான் காரணம்! 21 நாள் இந்தப் பொடியைக் குடித்தால் முடக்குவாதம், சர்க்கரை, தைராய்டு எல்லாம் வேரோடு போகும். 10 பேருக்கு அனுப்புங்கள்!!

செல்வி அத்தை: மக்களே, இது உண்மைதானே? போன வாரமே ஒரு டப்பா வாங்கிவிட்டேன். 1,850 ரூபாய்.

ராஜன் மாமா பாறசாலை: அந்தக் காசுக்கு நெய்மீன் வாங்கியிருக்கலாம் 😄

ஷீபா: அத்தை, பொடி கிடக்கட்டும். முடக்குவாத மாத்திரை போடுகிறீர்களா?

செல்வி அத்தை: பொடி குடிக்கும்போது இங்கிலீஷ் மருந்து கூடாதாம். திங்கட்கிழமை மாத்திரையைப் போடவில்லை.

ஷீபா: ஐயோ அத்தை! முடக்குவாதத்தில் நம் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிறது. மாத்திரையை நிறுத்தினால் வலி மட்டுமில்லை, எலும்பும் அரிக்கும். அரித்தது திரும்ப வளராது. அதற்காக விட்டதையும் சேர்த்து நீங்களாகவே இரண்டு மடங்கு போட்டுவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து. காலையில் டாக்டரிடம் கேட்போம்.

பிபின்: அப்போ குடலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா அக்கா?

ஷீபா: இருக்கிறது. பாதி உண்மை இருப்பதால்தான் இந்த மெசேஜ் ஓடுகிறது. கீரை, பயறு, காயில் உள்ள நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியா புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலமாக்கும். பெருங்குடலின் உள்சுவருக்கு அதுதான் முக்கியத் தீனி, வீக்கம் தரும் அழற்சியையும் அடக்கிவைக்கும். நார் போடாமல் வளர்த்த எலிகளில், பாக்டீரியா குடலைக் காக்கும் சளிப் படலத்தையே தின்றதைப் பார்த்திருக்கிறார்கள். கழுவி எடுக்க அங்கே அழுக்கு ஒன்றும் இல்லை, தீனி போட வேண்டிய ஆட்கள்தான் இருக்கிறார்கள்.

விஜி மைனி: பழங்கஞ்சி நல்லதுதானே?

ஷீபா: புளித்த உணவைப் பற்றி 2021-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது. 36 பேர், 10 வாரம். தயிர், கிம்ச்சி (கொரியாவின் புளித்த முட்டைக்கோஸ்) மாதிரி சாப்பிட்ட குழுவுக்கு ரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. சின்ன ஆய்வு, அதில் பழங்கஞ்சியும் கிடையாது. ஆனால் மோர் விட்டுக் குடித்தால் யார் தடுக்கப் போகிறார்கள்?

ராஜன் மாமா பாறசாலை: கூட உப்பிலிட்ட மாங்காய், ரெண்டு அப்பளம்...

ஷீபா: மாமா, உங்களுக்கு பிரஷர். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராம்தான். 2023-ல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்குப்படி உங்கள் கேரளத்துப் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வேறு.

ராஜன் மாமா பாறசாலை: அதில் நானும் உண்டு. கட்டன் சாயாவுக்கு பழம்பொரி இல்லாமல் எப்படி மோளே?

விஜி மைனி: 🤦‍♀️ அத்தைக்கு என்ன கொடுக்கணும், அதைச் சொல்லு.

ஷீபா: 2022-ன் அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் வழிகாட்டுதல், மருந்தோடு சேர்த்து மத்தியதரைக்கடல் பாணி உணவைச் சொல்கிறது. காய், பழம், பயறு, கொட்டை, மீன், ஆலிவ் எண்ணெய். சத்து மாத்திரை, சத்துப் பொடி வேண்டாம் என்கிறது. ஆலிவ் தேடி அலைய வேண்டாம். குளச்சல் சாளை மீனில் ஒமேகா 3 என்ற நல்ல கொழுப்பு நிறைய இருக்கிறது. பொரிக்காமல் குழம்பு வையுங்கள். கூட முருங்கைக்கீரைத் துவரன், சிறுபயறு.

செல்வி அத்தை: மரச்சீனிக் கிழங்கு?

ஷீபா: ரெண்டு துண்டு. தட்டு முழுக்க வேண்டாம், அது வெறும் மாவு. மீனும் கீரையும் அதைவிடக் கூடுதலாக இருக்கட்டும்.

பிபின்: பொடி டப்பாவின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்க அத்தை.

செல்வி அத்தை: 📷

பிபின்: "அரிய மூலிகைகள்" என்று மட்டும் போட்டிருக்கு. எது எவ்வளவு என்று ஒன்றும் இல்லை.

ஷீபா: அதுதான் பயம். உங்கள் மாத்திரைக்கே ஈரல் டெஸ்ட் அடிக்கடி எடுக்கிறார்கள். மேலே இன்னது என்று தெரியாத மூலிகை வேறு. இன்றோடு நிறுத்துங்கள்.

செல்வி அத்தை: பொடி குடித்தேன் என்றால் டாக்டர் ஏசுவாரே.

ஷீபா: ஏசட்டும். 9 மணிக்கு நானும் போனில் வருகிறேன். டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எழுதியிருப்பதை அப்படியே வாசித்துக் காட்டணும்.