ஸ்பிரிங்கில் சொந்த எக்ஸ்எம்எல் நேம்ஸ்பேஸ்: ஐடிஇ-யில் ஓடுகிறது, ஒற்றை ஜாராக்கினால் நின்றுவிடுகிறது

கேள்வி

வணக்கம். இரவு நேர வேலைகளை இயக்கும் ஜாவா நிரல் ஒன்றை ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கைக் கொண்டு எழுதியிருக்கிறோம். ஒவ்வொரு வேலைக்கும் எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பில் ஏழெட்டு வரி பீன் (ஸ்பிரிங் உருவாக்கித் தரும் ஆப்ஜெக்ட்), ப்ராபர்ட்டி (அதற்கான மதிப்பு) என்று எழுதிச் சலித்துப்போனதால், 2006-இல் வெளிவந்த ஸ்பிரிங் 2.0 முதலே இருந்துவரும் வசதியைப் பயன்படுத்தி, 'ஜாப்' என்ற சொந்த நேம்ஸ்பேஸை (நாமே வகுக்கும் டேக்குகளின் தொகுதியை) உருவாக்கினேன். இப்போது 'ஜாப்:ரன்னர்' என்ற ஒரே டேக் போதும். எக்ஸ்எஸ்டி ஸ்கீமா (டேக்குகளுக்கான விதிகள்), ஹேண்ட்லர் (எந்த டேக்குக்கு எந்தப் பார்சர் என்று சொல்வது), பார்சர் (டேக்கைப் படித்துப் பீனின் வரையறையாக்குவது) ஆகிய மூன்றும் தனி லைப்ரரியில் உள்ளன. அதன் மெட்டா-இன்ஃப் கோப்புறையில், நேம்ஸ்பேஸுக்கு உரிய ஹேண்ட்லரும் ஸ்கீமாவும் எங்கே என்று ஸ்பிரிங்குக்குக் காட்டும் ஸ்பிரிங்.ஹேண்ட்லர்ஸ், ஸ்பிரிங்.ஸ்கீமாஸ் என்ற இரு கோப்புகளையும் வைத்திருக்கிறேன்.

ஐடிஇ-யில் (நிரல் எழுதி இயக்கிப் பார்க்கும் மென்பொருளில்) எல்லாம் சரியாக ஓடுகிறது. மேவன் ஷேட் பிளகின் கொண்டு நிரலையும் லைப்ரரிகளையும் ஒரே ஜாராக்கி (ஜாவாவின் தொகுப்புக் கோப்பாக்கி) இயக்கினால் மட்டும், வைல்ட்கார்டு கண்டிப்பானது என்றும், 'ஜாப்:ரன்னர்' எலிமெண்டுக்கான அறிவிப்பு எங்கும் கிடைக்கவில்லை என்றும் பிழைச்செய்தி வருகிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

முதல் மறுமொழி

அவ்விரு கோப்புகளும் ஜாவாவின் ப்ராபர்ட்டீஸ் வடிவத்தில் உள்ளவை. அவ்வடிவத்தில் முக்காற்புள்ளியும் சமக்குறியைப் போலவே சாவியையும் மதிப்பையும் பிரிக்கும் குறி என்பதால், நேம்ஸ்பேஸ் முகவரியில் 'எச்டிடிபி'-க்கு அடுத்து வரும் முக்காற்புள்ளிக்கு முன்னால் பின்சாய்கோடு இட வேண்டும். இடாவிட்டால் 'எச்டிடிபி' என்ற துண்டு மட்டுமே சாவியாகிவிடும். அதை ஒருமுறை சரிபாருங்கள்.

கேட்டவர்

பார்த்தேன் ஐயா, இரு கோப்புகளிலும் பின்சாய்கோடு உள்ளது.

இரண்டாம் மறுமொழி

ஐடிஇ-யில் ஓடுகிறது என்பதே பதிவு சரியாக உள்ளது என்பதற்குச் சான்று. ஆகவே ஜார் கட்டப்படும் விதத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஸ்பிரிங்.ஹேண்ட்லர்ஸ் என்ற பெயரில் கோப்பு வைத்திருப்பவர் நீங்கள் மட்டுமல்லர். ஸ்பிரிங்கின் பீன்ஸ், கான்டெக்ஸ்ட், ஏஓபி, டிஎக்ஸ் ஜார்கள் ஒவ்வொன்றிலும் அதே பெயரில், அதே கோப்புறையில் ஒரு கோப்பு உண்டு. ஜார்கள் தனித்தனியாகக் கிளாஸ்பாத்தில் (ஜாவா கோப்புகளைத் தேடும் இடங்களின் பட்டியலில்) இருக்கும்வரை, அப்பெயருள்ள கோப்புகள் அனைத்தையும் ஸ்பிரிங் திரட்டி ஒரே பட்டியலாக்கிக்கொள்கிறது. எல்லாவற்றையும் ஒரே ஜாரில் கொட்டும்போது அப்பெயருக்கு ஓர் இடம்தான் உண்டு என்பதால், ஒரு கோப்பு தங்கிவிட, மற்றவை காணாமல் போகின்றன. ஜாரை ஜிப் கோப்பைப் போலத் திறந்து, உள்ளே எஞ்சியிருப்பது எது என்று பாருங்கள்.

கேட்டவர்

திறந்து பார்த்தேன். ஸ்பிரிங்.ஹேண்ட்லர்ஸ் கோப்பில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, அதுவும் ஏஓபி-க்கு உரியது. பிழைச்செய்தி ஸ்கீமாவைப் பற்றியே பேசியதால், ஷேட் அமைப்பில் ஸ்பிரிங்.ஸ்கீமாஸ் கோப்புக்கு மட்டும் அப்பெண்டிங் டிரான்ஸ்ஃபார்மரை (ஒரே பெயருள்ள கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும் அமைப்பை) சேர்த்து மறுபடியும் கட்டினேன். பழைய பிழை போய்விட்டது. ஆனால் இப்போது 'கான்டெக்ஸ்ட்' நேம்ஸ்பேஸுக்கு ஹேண்ட்லரைக் கண்டறிய முடியவில்லை என்று வருகிறது. என்னுடையதை விட்டுவிட்டு ஸ்பிரிங்கின் சொந்த நேம்ஸ்பேஸையே காணவில்லை என்பது வியப்பாக இருக்கிறது.

இரண்டாம் மறுமொழி

வியப்பதற்கில்லை. எக்ஸ்எம்எல் கோப்பு முழுவதும் முதலில் ஸ்கீமாவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுகிறது. அதில் தேறிய பின்னரே ஸ்பிரிங் டேக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, உரிய ஹேண்ட்லரைத் தேடுகிறது. முதல் படியை மட்டும் சரிசெய்ததால் இரண்டாம் படியில் நிற்கிறீர்கள். உங்கள் கோப்பில் 'கான்டெக்ஸ்ட்' டேக் மேலேயும் 'ஜாப்' டேக் கீழேயும் இருக்கக்கூடும். மேலே இருப்பது முதலில் விழுந்தது, அவ்வளவுதான். ஸ்பிரிங்.ஹேண்ட்லர்ஸ் கோப்புக்கும் அதே டிரான்ஸ்ஃபார்மரைத் தனியாகச் சேருங்கள்.

முதல் பிழையில் 'ஜாப்' மட்டும் ஏன் மாட்டியது என்று கேட்டால், ஸ்பிரிங்.ஸ்கீமாஸ் பட்டியலில் இல்லாத ஸ்கீமாவை எக்ஸ்எம்எல் பார்சர் இணையத்தில் போய்த் தேடும். ஸ்பிரிங்கின் ஸ்கீமாக்கள் அவற்றின் முகவரியில் உண்மையிலேயே கிடைப்பதால் அவை தப்பித்தன; உங்கள் முகவரியில் ஒன்றும் இருந்திருக்காது. இணையம் இல்லாத சர்வரில் இதே ஜாரை ஏற்றியிருந்தால் ஸ்பிரிங்கின் ஸ்கீமாக்களும் சேர்ந்தே விழுந்திருக்கும்.

ஸ்பிரிங் பூட் கட்டும் ஜாரில் இத்தொல்லை எழுவதில்லை, ஏனெனில் அது லைப்ரரி ஜார்களைப் பிரித்துக் கொட்டாமல் அப்படியே உள்ளே அடுக்கி வைக்கிறது.

கேட்டவர்

நீங்கள் ஊகித்தவாறே 'கான்டெக்ஸ்ட்' டேக் முதல் வரியில்தான் இருந்தது. இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களையும் சேர்த்தபின் ஓடுகிறது, மிக்க நன்றி. இதே இழையில் இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். 'திரெட்ஸ்' என்ற அட்ரிபியூட்டில் 4 என்று எழுதினால் ஏற்கிறது. டாலர் குறியும் நெளிவு அடைப்பும் இட்டு ப்ராபர்ட்டீஸ் கோப்பிலுள்ள பெயரைக் கொடுத்தால் மறுக்கிறது. ஸ்கீமாவில் அது இன்ட் வகை; பார்சரிலும் முழு எண்ணாக மாற்றித்தான் பீனுக்குக் கொடுக்கிறேன்.

இரண்டாம் மறுமொழி

அவ்விரண்டுமே காரணம். உங்கள் பார்சர் ஓடும் நேரத்தில் பீன் இன்னும் பிறக்கவில்லை. பீனின் வரையறை மட்டுமே எழுதப்படுகிறது. வரையறைகள் எல்லாம் சேர்ந்த பிறகு, பீன்கள் உருவாவதற்கு முன்புதான் டாலர் குறியிட்ட அந்தப் பிளேஸ்ஹோல்டர்களுக்கு மதிப்பு நிரப்பப்படுகிறது. எனவே பார்சரில் எண்ணாக மாற்ற முயலாமல், கிடைத்த எழுத்துச்சரத்தை அப்படியே ப்ராபர்ட்டி மதிப்பாகச் சேர்த்துவிடுங்கள். பீன் உருவாகும்போது ஸ்பிரிங்கே அதை எண்ணாக மாற்றிக்கொள்ளும்.

ஸ்கீமாவிலும் ஸ்டிரிங் வகையாக மாற்ற வேண்டும். ஆனால் அப்படிச் செய்தால் யாராவது 'நான்கு' என்று எழுதினாலும் எடிட்டர் பேசாமல் இருந்துவிடும், நிரல் தொடங்கும்போதுதான் பிழை தெரியும். என் திட்டங்களில், முழு எண் அல்லது பிளேஸ்ஹோல்டர் வடிவப் பேட்டர்ன் என்ற இரண்டையும் ஏற்கும் யூனியன் வகையை வைத்துக்கொள்கிறேன். ஸ்கீமாவில் நான்கைந்து வரி கூடும் என்றாலும் அதுவே எனக்குப் பிடித்த வழி.

கேட்டவர்

யூனியன் வகையையே வைத்துவிட்டேன். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒற்றை ஜாரை இயக்கிப் பார்த்தேன், பிளேஸ்ஹோல்டரோடு சரியாக ஓடுகிறது.