ஏழு மாதம், 1,400 கிலோமீற்றர்: ஒயில் மாற்றவா?

வெள்ளவத்தை அம்மா:
பிள்ளைகளைப் பம்பலப்பிட்டிப் பாடசாலையில் விட்டு வருவதுதான் என் காரின் வேலை. இரண்டு கிலோமீற்றர், பாதி நேரம் காலி வீதியில் நிற்பது. கடைசியாக ஒயில் மாற்றி ஏழு மாதம், ஓடியது 1,400 கிலோமீற்றர்தான். கராஜில் ஒட்டிய சீட்டு 5,000 கிலோமீற்றரில் மாற்றச் சொல்கிறது. அண்ணா “காசைக் கரைக்காதே” என்கிறார். நேற்று ஒயில் மூடியைத் திறந்தேன். உள்ளே பாலாடைபோல ஏதோ ஒட்டியிருந்தது. பயந்துவிட்டேன்.

பழைய மெக்கானிக்:
தங்கச்சி, முதலில் குளிரூட்டும் நீர் குறைகிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஆறிய பிறகு மட்டும் அந்த நீரின் மூடியைத் திறக்க வேண்டும். குறைந்தால் ஹெட் கேஸ்கட், அதாவது நீரும் ஒயிலும் கலக்காமல் எஞ்சினுக்குள் அடைத்து நிற்கும் தகடு, பழுதாக இருக்கலாம், ஓட்டாதீர்கள். குறையாவிட்டால் அது பெரும்பாலும் ஈரப்பதம். எரிபொருள் எரியும்போதே நீராவி உண்டாகிறது. இரண்டு கிலோமீற்றரில் ஒயில் சரியாகச் சூடேறாது, நீர் உள்ளேயே தங்கிவிடும். நெரிசலில் நிற்கும் நேரத்தையும் மீற்றர் கணக்கெடுப்பதில்லை. கையேட்டில் ‘கடினமான பயன்பாடு’ என்ற பகுதியைப் பாருங்கள். உங்களுக்குக் கிலோமீற்றர் அல்ல, மாதம்தான் கணக்கு; பெரும்பாலும் ஆறு மாதம்.

தெஹிவளை ஓட்டுநர்:
வெயில் என்று சொல்லி 20டபிள்யூ-50 என்ற தடித்த ஒயிலை ஊற்ற வருவார்கள். கையேடு அனுமதிக்காவிட்டால் வேண்டாம். ஒயில் கறுத்திருப்பதும் குற்றமில்லை. அழுக்கைச் சுமப்பதும் அதன் வேலைதான்.

வெள்ளவத்தை அம்மா:
நீர் குறையவில்லை. இன்று ஒயிலும் வடிகட்டியும் மாற்றியாயிற்று. அண்ணாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

பழைய மெக்கானிக்:
ஞாயிறுகளில் நீர்கொழும்புவரை ஒருமுறை ஓட்டிவிட்டு வாருங்கள், ஒயில் நன்றாகச் சூடேறி ஈரம் போகும். பிள்ளைகளுக்கும் மகிழ்ச்சி.